ரீமிக்ஸ்: மறுகலவை

பெங்களூர் அல்சூர் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ‘ஒரு ரீமிக்ஸ் போடுங்கண்ணா’ என்று கேட்டால், பழைய சினிமாப் பாட்டைப் புதுக் குரலில் பாடி, அடி கூட்டிய பதிவு ஒலிக்கும். கூப்பிடு தூரத்து இந்திரா நகர் பப்பில் நூ-டிஸ்கோ, சோல்ஃபுல் ஹவுஸ் என்ற ஆட்ட இசை வகைகளைப் போடுகிற டி.ஜே.யிடம் இதே சொல்லைச் சொன்னால் கிடைப்பது வேறு. பின்னதுதான் சொல்லின் சரியான பொருள்.

மிக்ஸ் என்பதற்கு மூலம் லத்தீன், பொருள் கலத்தல். ஒலிப்பதிவுக் கூடத்தில் அது இன்னும் குறுகும். டிரம்ஸ், பேஸ் (கீழ்ச்சுருதி ஒலி), வயலின், குரல் என்று தனித்தனித் தடங்களில் பதிந்தவற்றில் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று அளவு பார்த்து ஒன்றாக்குவதே மிக்ஸ். ‘ரீ’ முன்னே வந்தால், அதே தடங்களை எடுத்து வேறு அளவில் மறுபடி கலப்பது. மேலே புது பேஸ், புது டிரம்ஸ் சேரலாம். ஆனால் குரல் பழைய குரலேதான். யாராவது புதிதாகப் பாடிவிட்டால் அது மறுபாட்டு. நம் சினிமா ‘ரீமிக்ஸ்’ பலவும் இந்த வகைதான்.

இந்த வேலை 1970-களின் நியூயார்க் டிஸ்கோவில் வளர்ந்தது. 3 நிமிடப் பாட்டு ஆடுகிறவர்களுக்குப் போதவில்லை. டாம் மோல்டன் தாளப் பகுதிகளை நீட்டிக் கொடுத்தார். 1976-இல் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பர்சென்ட்’ பாட்டை வால்டர் கிப்பன்ஸ் 9 நிமிடத்துக்கு மேல் நீட்டினார். சால்சோல் இசைத்தட்டு நிறுவனம் அதை 12 அங்குலத் தட்டாகக் கடைக்கே அனுப்பியது. தட்டு பெரிதானதால் வரிப்பள்ளங்களை அகலமாக வெட்ட முடிந்தது, பேஸும் உரக்கக் கேட்டது. சிகாகோவில் ஃபிராங்கி நக்கிள்ஸ் தட்டு போட்ட வேர்ஹவுஸ் கிளப்பின் பெயர் சுருங்கியே ‘ஹவுஸ்’ என்ற இசை வகைப் பெயர் வந்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘கலப்பு’ என்றால் கலப்படம் நினைவுக்கு வருகிறது. ‘மீளிசை’ அழகுதான், ஆனால் மறுபடி இசைப்பதாகிவிடும். அது மறுபாட்டுக்குப் பொருந்தும். ‘கலவை’ பெங்களூர்க் கட்டட வேலையில் தினம் புழங்கும் சொல். செங்கல் கட்ட 1 பங்கு சிமென்டுக்கு 6 பங்கு மணல், பூச்சுக்கு 4 பங்கு. பொருள் அதே, அளவு வேறு, வேலையும் வேறு. ரீமிக்ஸ் நடப்பதும் அப்படியே. மறுபதிப்பு, மறுபிறவி போல வல்லினம் மிகாமல் ‘மறுகலவை’ என்று எழுதுக. இரண்டு பாட்டைப் பிணைக்கும் மேஷ்-அப்புக்குக் ‘கதம்பம்’ போதும்.

பழைய டிஸ்கோவை மறுகலவை செய்யும்போது முதலில் இடறுவது வேகம். அன்றைய டிரம்ஸ் கையால் வாசித்தது. நிமிடத்துக்கு 116 பீட் (தாள அடி) என்று தொடங்கி நடுவே 118-ஐத் தொடும். மென்பொருளில் ஒரே எண்ணைக் கொடுத்து விட்டுவிட்டால், இரண்டாம் நிமிடத்துக்குள் புது கிக்கும் (பெரிய டிரம்மின் அடி) பழைய டிரம்ஸும் விலகி இரட்டை அடியாகத் தடதடக்கும். நாலு பீட் ஒரு சுற்று என்று கொண்டு, நாலு சுற்றுக்கு ஒருமுறை முதல் அடியைப் பிடித்துப் பொருத்த வேண்டும். 116-ஐ 122-க்கு ஏற்றினால் வேகம் 5 விழுக்காட்டுக்குச் சற்றே மேல் கூடும். வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் வைக்கும் சுருதிப் பூட்டைப் போடாவிட்டால் குரல் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறி, பாடகி சின்னப் பெண்ணாகிவிடுவார்.

டி.ஜே.க்களுக்காக நீட்டிய எக்ஸ்டெண்டட் மிக்ஸ் என்பது ‘நீள்கலவை’. தொடக்கத்தில் 16 அல்லது 32 சுற்று வெறும் தாளம் இருக்கும். 120 பீட்டில் 16 சுற்று என்றால் 32 விநாடி. முந்தைய பாட்டின் பேஸைக் குறைத்துவிட்டு இதை ஏற்ற அந்த அவகாசம்தான். வானொலிக்காகச் சுருக்கிய ரேடியோ எடிட்டை வாங்கி வந்து இதைச் செய்ய முயன்றால் சில விநாடியிலேயே குரல் வந்து, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாடுவார்கள்.

நூ-டிஸ்கோவில் ரீமிக்ஸ் என்று சுற்றுபவற்றில் பல உண்மையில் எடிட். தனித்தடங்கள் கையில் இல்லாமல், முடிந்த பாட்டையே நறுக்கி, சுற்றவிட்டு ஒட்டியவை. ‘வெட்டொட்டு’ எனலாம். ஹெட்போனில் கேட்டால் தெரிந்துவிடும்: குரல் மட்டும் தனியே நிற்க வேண்டிய இடத்திலும் பழைய வயலினும் ஹை-ஹாட்டும் (டிரம்ஸின் ஜோடித் தாளத்தட்டு) கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும்.