பாலிஃபொனின்னா சேர்ந்திசையா? யார் சொன்னது?

பாலிஃபொனிக்கு, அதாவது ஒரே நேரத்துல ரெண்டு மூணு தனித்தனி மெட்டு சேந்து ஓடற இசைக்கு, தமிழ்ல 'சேர்ந்திசை'ன்னு போடுறத யாராவது நிறுத்துங்கப்பா. சப்டைட்டில்ல அதான், மொழிபெயர்ப்புக் கட்டுரைல அதான், பாட்டுக் கச்சேரி அறிமுகத்துலயும் அதான். கடைசியா ஐரோப்பிய இடைக்காலச் சுவடிகள் பத்தின ஒரு வீடியோ, அதுல பாம்பெர்க் சுவடிய திரைல காட்டிட்டு கீழ "சேர்ந்திசைப் பாடல் தொகுப்பு"ன்னு ஓடுது. உலகத்துல வேற எந்தச் சுவடிக்கு அந்தப் பேர வச்சிருந்தாலும் போனாப் போகுதுன்னு விட்டிருப்பேன், இதுக்கு வச்சதுதான் தாங்கல.

சொல்லோட பூர்வீகத்துல சிக்கல் எதுவும் இல்ல. கிரேக்கத்துல 'பொலுஸ்'னா பல, 'ஃபோனே'ன்னா குரல், ஒலிங்கற அர்த்தமும் உண்டு, டெலிஃபோன்ல இருக்கே அதே ஃபோன்தான். ஆனா இடைக்கால ஐரோப்பால அதப் பாடினவங்க 'ஆர்கனும்' (organum, ஒரு மெட்டோட கூடவே இன்னொரு மெட்டப் பாடறது, ஆர்கன் வாத்தியம் இல்ல), 'டிஸ்காண்டஸ்', 'டயஃபோனியா'ன்னுதான் பொதுவா சொன்னாங்க. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'மூசிகா என்கிரியாடிஸ்'ங்கற இசை இலக்கண நூல், கிறிஸ்தவக் கோயில் பாட்டு ஒண்ணு போய்க்கிட்டிருக்கும்போது நாலு சுரமோ அஞ்சு சுரமோ தள்ளி இன்னொரு குரல் கூடவே எப்படி நடக்கணும்னு சொல்லிக்குடுக்குது. அங்கேருந்து கிளம்பி நானூறு வருஷத்துல எங்கயோ போயிட்டாங்க.

எங்க போனாங்கங்கறதுக்கு அந்த பாம்பெர்க் சுவடியே சாட்சி. ஜெர்மனில பாம்பெர்க் அரசு நூலகத்துல இருக்கு, 13ஆம் நூற்றாண்டோட பின்பகுதில எழுதினது. 100 மோட்டெட், ஒரு கண்டக்டஸ், ஏழு ஹாக்கெட் (மூணும் அந்தக் காலத்து பாலிஃபொனி வகைகள்), இதுக்குப் பின்னாடி இசை இலக்கணம். ஆமெரஸ்னு ஒரு ஆங்கிலேயப் பாதிரியார் 1271ல இத்தாலில வச்சு எழுதின நூலும் அதுல சேர்ந்திருக்கு, பாட்டும் இலக்கணமும் ஒரே கட்டுல. பக்கத்தப் பாத்தா ரெண்டு பத்தி. இடது பத்தில ட்ரிப்ளம்ங்கற மேல் குரல், வலது பத்தில மோட்டெட்டஸ்ங்கற குரல், ரெண்டுக்கும் அடில டெனார்ங்கற அடிக்குரல். இப்ப நாம பாக்கற மாதிரி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நேர்கோட்டுல அடுக்கல, ஒவ்வொரு பாடகரும் அவரவர் பத்திய மட்டும் பாத்துப் பாடிக்கிட்டே போகணும், எங்க சேரணும்ங்கறது சுரத்தோட வடிவத்துலயே இருக்கு, நெட்டையா குட்டையான்னு அளவு தெரியற மாதிரி எழுதியிருப்பாங்க. ட்ரிப்ளத்துக்கு நிறைய வார்த்தை, அதனால அந்தப் பத்தி நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கும். டெனாருக்கோ ஒண்ணு ரெண்டு சொல்லு, சில இடத்துல வெறும் அசைதான்.

இப்ப முக்கியமான விஷயம், ரெண்டு பத்திலயும் இருக்கறது ஒரே பாட்டு இல்ல. வேற வேற வரி, வேற வேற மெட்டு. அந்தக் காலத்து மோட்டெட்ல ஒரு குரல் லத்தீன்ல மாதாவப் பாடும்போதே இன்னொரு குரல் பிரெஞ்சுல காதலப் புலம்பிக்கிட்டிருக்கறதும் உண்டு. இதப் போயி சேர்ந்திசைங்கறீங்களே! சேர்ந்திசைன்னா தமிழ்நாட்டுல வானொலி கேட்டு வளந்த யாருக்கும் என்ன ஞாபகம் வரும்? இருபது பேரு வரிசையா நின்னு ஒரே மெட்ட ஒரே வார்த்தைல பாடறது. நல்ல சொல்லுதான், கோரஸுக்கு அதவிடப் பொருத்தமா கிடைக்காது. ஆனா இருபது பேரு இல்ல இருநூறு பேரு பாடினாலும் மெட்டு ஒண்ணுன்னா அது ஒற்றைக்குரலிசைதான், மூணே பேரு மூணு மெட்டுல பாடினா பல்குரலிசை. இங்க ஆள எண்ணக்கூடாது, மெட்ட எண்ணணும். இந்த ஒரு வித்தியாசத்தச் சொல்லத்தான் பாலிஃபொனிங்கற சொல்லே இருக்கு, சேர்ந்திசை அதையே அழிச்சிடுது.

"கண்டக்டஸ்ல எல்லாரும் ஒரே வரியச் சேந்துதானே பாடறாங்க"ன்னு ஒரு நண்பர் கேட்டார். வரி ஒண்ணு, அசையும் கூடவே விழும், சரி. மெட்டு வேறதானே? நூறு மோட்டெட்ட விட்டுட்டு அந்த ஒத்தக் கண்டக்டஸ வச்சா ஒரு சுவடிக்குப் பேரு வைப்பீங்க?

அடுத்த கோஷ்டி 'ஒத்திசை'. இது கொஞ்சம் படிச்சவங்க பண்ற தப்பு. ஒத்திசைன்னா ஹார்மனி, சுரங்கள் ஒரே நேரத்துல ஒலிக்கும்போது பொருந்தி வர்றது. அது விளைவு. பாலிஃபொனிங்கறது நடக்கற விதம், ஒவ்வொரு மெட்டும் தன் போக்குல நடக்கணும். 13ஆம் நூற்றாண்டு மோட்டெட்ல முக்கியமான தாளத்துல குரல்கள் பொருந்தும், நடுவுல உரசிக்கிட்டுப் போகும், அதப்பத்தி அவங்க பெருசா கவலப்பட்ட மாதிரியே தெரியல. உரசல்லயே பாதி அழகு இருக்கற இசைக்கு ஒத்திசைன்னு பேரு வைக்கறது என்ன நியாயம்?

தனித்தமிழ் அன்பர்கள் 'பல்லியம்'னு கொண்டு வருவாங்க. சங்கச் சொல்லுன்னா எனக்கும் ஆசைதான். "அந்தரப் பல்லியம் கறங்க"ன்னு திருமுருகாற்றுப்படைல வருது, நெடும்பல்லியத்தனார்னு புலவரே இருக்கார். ஆனா இயம்னா வாத்தியம். பல்லியம்னா பல வாத்தியம் சேந்து முழங்கறது, ஆர்கெஸ்ட்ராவுக்கு எடுத்துக்கங்க, கைகூப்பிக் குடுத்துடறேன். பழசா இருக்குங்கறதுக்காக ஒரு சொல்ல அது இல்லாத அர்த்தத்துல உக்கார வச்சா அது தூய்மை இல்ல, பொருள் குழப்பம்.

அப்ப எது? பல்குரலிசை. இலக்கிய விமர்சனத்துல நாவலப் பத்திப் பேசறவங்க பல்குரல் தன்மைன்னு ரொம்ப நாளா எழுதிக்கிட்டுதான் இருக்காங்க, ரஷ்ய இலக்கிய அறிஞர் பக்தின் இசைலேருந்துதான் அந்த உருவகத்த எடுத்தார், இசைக்கு மட்டும் அது ஏன் கசக்குதுன்னு தெரியல. (பன்குரல்னு எழுதாதீங்க. பல்கலை மாதிரிதான் பல்குரல்.) இதுக்கு எதிரா ரெண்டு வாதம் வரும். ஒண்ணு, பழந்தமிழ் இசைல குரல்னா ச, ஏழு சுரத்துல முதல்சுரம். உண்மைதான், ஆனா இன்னிக்கு குரல்ங்கறத ச-ன்னு புரிஞ்சிக்கறவங்க இசை ஆராய்ச்சிக்காரங்க மட்டுந்தான், அவங்களுக்குக் குழம்பாது. இன்னொண்ணு கொஞ்சம் கனமான வாதம், அந்த ஏழு ஹாக்கெட்டுக்கும் வரியே கிடையாது, வாத்தியத்துல வாசிச்சதோ என்னவோ, அத எப்படிக் குரல்னு சொல்றது? கிரேக்க ஃபோனேலயும் இதே இரட்டை அர்த்தம்தான். மேற்கத்திய இசைல வயலின் போற வழியையும் குரல்னுதான் சொல்றாங்க. இசைல குரல்னா தொண்டை இல்ல, ஒரு மெட்டு போற தடம். இந்த ஒரு வரிய விளக்கமா போட்டுட்டா தீந்துது.

ஹாக்கெட்னதும் ஞாபகம் வருது. பிரெஞ்சு 'ஒக்கே', விக்கல்னு அர்த்தம். ஒருத்தர் ஒரு சுரம் பாடி நிறுத்தினா மத்தவர் அடுத்த சுரத்தப் பிடிப்பார், மாத்தி மாத்தி. போப் 22ஆம் ஜான் 14ஆம் நூற்றாண்டுல, பாட்ட விக்கல் மாதிரி வெட்டிப் போடறாங்க, நாட்டு மொழில எல்லாம் மேல் குரல் திணிக்கறாங்கன்னு ஆணையே போட்டுத் திட்டினார். தமிழ்ல 'விக்கலிசை'ன்னு யாராவது எழுதினா நான் சண்டைக்கு வரமாட்டேன், நல்லாவே இருக்கு. 'இடைவெட்டுத் தாளச் சேர்ந்திசை'ன்னு எழுதினா வருவேன்.

மொழிபெயர்க்கறவங்க அகராதில முதல்ல இருக்கறத எடுத்து ஒட்டறதுதான் எல்லாத்துக்கும் காரணம். டெனாரப் பாருங்க. இன்னிக்கு டெனார்னா உச்சத்துல பாடற ஆண் குரல், அகராதி அதத்தான் சொல்லும். ஆனா இந்தச் சுவடில டெனார் அடிக்குரல், லத்தீன்ல 'தெனேரே'ன்னா பிடிச்சுத் தாங்கறது, பழைய கோயில் மெட்டத் தாங்கி நிக்கும், மத்தது அதுக்கு மேல ஏறும். தாங்குகுரல்னு வச்சா அழகா முடிஞ்சிருக்கும். ஆனா "உச்சக்குரல் பக்கத்தின் அடியில் எழுதப்பட்டுள்ளது"ன்னு வருது, படிக்கறவன் என்ன நினைப்பான்? மோட்டெட்ட 'பக்திப் பாடல்'னு போட்டுட்டு அடுத்த பத்தில அதுல இடையன் இடைச்சி காதல் வருதுன்னு திகைக்கறாங்க. 'மோ'ன்னா பிரெஞ்சுல சொல்லு, அதுலேருந்து வந்த பேரு, பக்திக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தமே இல்ல, மோட்டெட்னே எழுதிட்டுப் போங்களேன்.

பாரிஸ்ல நோத்ர்தாம் கோயில்ல 12ஆம் நூற்றாண்டுல 'ஆர்கனும்' இசை அமைச்சவர் லியோனின். அவர 'ஒப்திமுஸ் ஒர்கனிஸ்தா'ன்னு அடுத்த நூற்றாண்டுல பேர் தெரியாத ஒருத்தர் எழுதி வச்சார். 'ஆர்கனும்' இயற்றுறதுல அவர மிஞ்ச ஆளில்லன்னு அர்த்தம். தமிழ்ல 'தலைசிறந்த ஆர்கன் வாசிப்பாளர்'னு போட்டு ஓரத்துல ஒரு ஆர்கன் படமும் வச்சிருக்காங்க.