மூரிங் வின்ச் பிரேக்: விதி என்ன கேட்கிறது, சோதனை எப்படி நடக்கிறது

கப்பலைத் துறைமேடையில் கட்டி நிறுத்தும் கயிறு, அதைச் சுற்றி இழுக்கும் வின்ச், வின்ச்சின் பிரேக் எல்லாவற்றையும் முறையாகப் பரிசோதித்துப் பராமரிப்பது 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் 2-1 அத்தியாயத்தில் உள்ள 3-8ஆம் விதியைத் திருத்தி இதைக் கொண்டுவந்தார்கள். புதுக் கப்பலுக்குத்தானே என்று பழைய கப்பலில் இருப்பவர்கள் விட்டுவிட முடியாது. வடிவமைப்பு பற்றிய புதிய நிபந்தனைகள்தான் புதுக் கப்பல்களுக்கு. பரிசோதனையும் பராமரிப்பும், எந்த ஆண்டு கட்டியதாக இருந்தாலும், விதிக்கு உட்பட்ட எல்லாக் கப்பல்களுக்கும் உண்டு.

விதியின் வாசகம் சின்னதுதான்: சாதனங்கள் தங்கள் வேலைக்குத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும். அதை எப்படி உறுதி செய்வது என்பதை சர்வதேச கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வின் 1620ஆம் எண் சுற்றறிக்கை விளக்குகிறது. எதை, எப்போது பார்ப்பது, எந்த நிலையில் கயிற்றை மாற்றுவது என்பதற்கு நிறுவனம் எழுத்துமூலமான நடைமுறை வைத்திருக்க வேண்டும். பார்த்ததைப் பதிவு செய்ய வேண்டும். கப்பலின் பாதுகாப்பு மேலாண்மைக்கான ஐ.எஸ்.எம். கோடும் பராமரிப்புப் பதிவுகளைக் கேட்பதால், இது தனியாக ஒரு புதுக் கோப்பு அல்ல, ஏற்கெனவே உள்ள பராமரிப்புத் திட்டத்தில் சேர வேண்டிய வேலை.

சரி, பிரேக் எவ்வளவு தாங்க வேண்டும்? டேங்கர் உலகில் எல்லோரும் பார்ப்பது எண்ணெய் நிறுவனங்களின் கடல்சார் கூட்டமைப்பான ஓசிம்ஃபின் வழிகாட்டுதலை. இது சட்டம் அல்ல. ஆனால் டேங்கரை ஏற்பதா என்று ஆய்வு செய்பவர்கள் இதை வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள். கப்பலின் வடிவமைப்புக்கான குறைந்தபட்ச அறுபடு சுமை (கயிறு அறுந்துபோகும் சுமை) எவ்வளவோ, அதில் 60 சதவீதத்தில் பிரேக் நழுவும்படி அமைக்கச் சொல்கிறது. முதல்முறை கேட்பவருக்கு இது விநோதமாக இருக்கும்: பிரேக்கை இன்னும் இறுக்கினால் நல்லதுதானே? இல்லை. காற்றோ, பக்கத்தில் போகும் கப்பலோ இழுக்கும்போது கயிறு அறுவதற்கு முன்பே, அது சுற்றியிருக்கும் டிரம் கொஞ்சம் சுற்றி இழுவையைத் தளர்த்த வேண்டும். அறுந்த கயிறு திரும்பி அடித்தால் ஆள் பிழைப்பதே அபூர்வம். அதற்காக, பலசாலி ஒருவர் கைச்சக்கரத்தில் தொங்கி முறுக்குவதைத் திறமையாக நினைக்கும் பழக்கம் ஒழிய வேண்டும்.

சோதனைக்கு ஒரு ஹைட்ராலிக் ஜாக், அழுத்தமானி, டிரம்மில் பொருத்தும் நெம்புகோல் சட்டம் ஆகியவை போதும். கணக்கு எளிது. அறுபடு சுமை 80 டன் என்றால் நழுவ வேண்டியது 48 டன்னில். டிரம்மின் மையத்திலிருந்து முதல் அடுக்குக் கயிற்றின் நடுவரை 0.35 மீட்டர், ஜாக் தள்ளும் புள்ளிவரை 1.05 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 48-ஐ 0.35-ஆல் பெருக்கி 1.05-ஆல் வகுத்தால் 16 டன். ஜாக் மெதுவாக 16 டன்னை எட்டும்போது டிரம் நகரத் தொடங்க வேண்டும். அதற்கு முன்பே நகர்ந்தால் பிரேக்கை இறுக்கி, நகரவே இல்லையென்றால் தளர்த்தி, மறுபடி பார்க்க வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் இறுக்கத்தின் அளவை வின்ச்சிலேயே குறித்துவிடுங்கள். அடுத்த வாட்ச்காரருக்கு ஊகிக்க வேண்டியிருக்காது. சோதனையின்போது டிரம்மை மோட்டாரோடு இணைக்கும் கியர் விலகியிருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தக் கணக்கு முதல் அடுக்குக்கு மட்டும்தான். அதே பிரேக்கில் கயிறு கூடுதல் அடுக்காகச் சுற்றி ஆரம் 0.42 மீட்டர் ஆனால், தாங்குவது 40 டன்னாகக் குறைந்துவிடும். இழுவைக்கும் மீதிக் கயிற்றுக்கும் தனிப் பகுதிகளாகப் பிரித்த ஸ்ப்லிட் டிரம்மில், இழுவைப் பகுதியில் ஒரே அடுக்கு மட்டும் வைக்கச் சொல்வது இதனால்தான். பட்டையாகச் சுற்றிப் பிடிக்கும் பேண்ட் பிரேக்குக்கு இன்னொரு கண்டிப்பு: கயிறு சுற்றும் திசை மாறினால் பிடிப்பு பெரிதும் குறையும். டிரம்மில் சரியான திசையை அம்புக்குறியாகப் பெயின்ட் செய்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரத்துக்கு அல்ல.

ஆண்டுக்கு ஒருமுறை சோதனை என்பது வழக்கம். பிரேக்கின் உராய்வுப் பட்டையான லைனிங்கை மாற்றினாலோ, பிரேக் எதிர்பாராமல் நழுவினாலோ, பழுது பார்த்தாலோ ஆண்டு முடியக் காத்திருக்காமல் உடனே செய்ய வேண்டும். இடையில் கண்ணால் பார்ப்பவை: லைனிங்கின் தேய்மானம், டிரம் ஓரத்தில் துரு, கிரீஸ் அல்லது எண்ணெய்க் கசிவு, பிடிமான முள்ளாணிகள், இறுக்கும் திருகு. லைனிங்கில் எண்ணெய் பட்டுவிட்டால் துடைத்துவிட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஊறியது வெளியே வராது, மாற்றுவதே வழி.

அப்புறம் பதிவு. தேதி, எந்த வின்ச், ஜாக்கில் காட்டிய அளவு, நழுவியதா, என்ன மாற்றினீர்கள், யார் செய்தார்கள் என்பது இருக்க வேண்டும். அழுத்தமானியின் அளவீட்டுச் சான்றிதழையும் அதோடு சேர்த்து வையுங்கள். அது காலாவதியாகியிருந்தால் ஆய்வாளர் முழுச் சோதனையையும் மறுபடி கேட்கலாம்.