ஒரு தீர்மானம் கடந்து வரும் வழி: பல்கலைக்கழகக் குழுக்கள் குறித்து

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலையில், தந்தை ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் பிரிவுக்கு வந்தார். அந்தப் பெண் முதுகலை அறிவியல் பட்டத்தில் முதல் வகுப்பில் தேறியவர். அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்விலும் வென்று, சான்றிதழ் சரிபார்ப்பு வரை சென்றுவிட்டார். அங்கே, அவருடைய பட்டத்தின் பெயர் அறிவிக்கையில் உள்ள பட்டத்தின் பெயரோடு பொருந்தவில்லை என்றும், இரண்டும் இணையானவை என்று காட்டும் ஆணை வேண்டும் என்றும் கூறிவிட்டார்கள். ஒரு பழைய துணிக்கடைப் பையிலிருந்து மதிப்பெண் பட்டியல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்த தந்தை, "இங்கே கொடுத்த சான்றிதழ்தானே ஐயா, இங்கேயே சரி செய்ய முடியாதா?" என்று கேட்டார்.

கோப்பைத் தேடி எடுக்க மூன்று நாட்கள் ஆயின. அந்தத் துறை ஆறு ஆண்டுகளுக்கு முன் பாடத்திட்டத்தைத் திருத்தியபோது பட்டத்தின் பெயரையும் மாற்ற விரும்பியிருக்கிறது. பாடத்திட்டக் குழு அதற்கு இசைந்து பரிந்துரை செய்தது. அந்தப் பரிந்துரை, படிப்புகளைப் பற்றி முடிவெடுக்கும் கல்விப் பேரவைக்குச் சென்றபோது, உறுப்பினர் ஒருவர் நியாயமான ஐயம் ஒன்றை எழுப்பவே, "மேலும் விவரங்களுடன் அடுத்த கூட்டத்தில் வைக்கலாம்" என்று குறித்து ஒத்திவைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் அதை யாரும் வைக்கவில்லை. துறையோ, பரிந்துரையையே ஒப்புதலாகக் கருதிப் புதிய பெயரில் மாணவர்களைச் சேர்த்துவிட்டது. யாரும் கையூட்டு வாங்கவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையில் ஒரு தாள் நின்றுபோனது, அவ்வளவுதான். கல்விப் பேரவையில் வைத்துப் பின்னேற்பு, அதாவது நடந்து முடிந்ததற்கு ஒப்புதல், பெற்று, இணைத்தன்மைக்கு அரசுக்கு எழுதி, ஆணை வருவதற்குள் ஏழு மாதங்கள் கடந்துவிட்டன. பணி நியமனம் அதற்கு வெகு முன்பே முடிந்திருந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் ஆட்சிக்குழுவின் கூட்டங்களுக்குத் தாள் தயாரித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பல்கலைக்கழகம் என்றால் துணைவேந்தர் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். மாணவர்கள் மட்டுமல்லர், பத்து ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். சட்டப்படி பார்த்தால், துணைவேந்தரின் கையெழுத்துக்குப் பின்னால் ஏதாவது ஒரு குழுவின் தீர்மானம் இருந்தாக வேண்டும். அந்தத் தீர்மானம் எப்படி உருவாகிறது என்பது தெரிந்தால்தான், எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் முறையைப் பின்பற்றித் தேர்வு நடத்தும் அமைப்பாகத் தொடங்கியது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கற்பிக்கும், ஆராயும் பல்கலைக்கழகமாக மாற்றி அமைத்தது. பேச்சுவழக்கில் செனட் எனப்படும் ஆட்சிப்பேரவை, சிண்டிகேட் எனப்படும் ஆட்சிக்குழு, கல்விப் பேரவை என்று இன்று நாம் காணும் அடுக்குமுறை அந்தச் சட்டத்தின் வழியில் வந்தது. பின்னர் வந்த பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் தத்தம் சட்டத்தின்படி இதில் சிறு மாறுதல்களைக் கொண்டுள்ளன. அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆட்சிப்பேரவை என்ற அமைப்பே கிடையாது. ஆகவே ஒரு பல்கலைக்கழகத்தின் நடைமுறையை வைத்து மற்றொன்றை அளப்பது தவறு. உங்கள் பல்கலைக்கழகத்தின் சட்டத்தை ஒரு முறையாவது படித்துவிடுங்கள், பெரும்பாலும் அது நீண்ட ஆவணம் அன்று.

பொதுவான வழி இதுதான். எதைக் கற்பிப்பது என்பது பாடத்திட்டக் குழுவில் தொடங்கிக் கல்விப் பேரவையில் முடிவாகிறது. பணம் பற்றியவை நிதிக்குழுவின் பரிந்துரையோடு ஆட்சிக்குழுவுக்கு வருகின்றன. பணி நியமனங்கள் தேர்வுக் குழுவிலிருந்து ஆட்சிக்குழுவுக்கு வருகின்றன. ஆட்சிக்குழுவில் ஆசிரியர்களின் பிரதிநிதிகளும், வேந்தராலும் அரசாலும் நியமிக்கப்பட்டவர்களும், பதவி வழியாக உயர்கல்வித் துறைச் செயலர் போன்ற அரசு அலுவலர்களும் அமர்கிறார்கள். செயலர்கள் நேரில் வருவது அரிது. அவர்களுக்குப் பதிலாக வரும் அலுவலர் அரசின் நிலைப்பாட்டைத் தெரிவிக்கலாமே தவிர, விவாதத்தின் போக்கில் அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு இருப்பதில்லை. இதனால் எத்தனையோ நல்ல யோசனைகள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் தேர்வுக் குழுவைப் பற்றி விண்ணப்பதாரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, குறைந்தது நான்கு உறுப்பினர்கள் இருந்தால்தான் அக்குழு கூட முடியும், அந்த நால்வரில் இருவர் வெளியிலிருந்து வந்த பாட வல்லுநர்களாக இருக்க வேண்டும். வல்லுநர் ஒருவர் வரவில்லை என்பதற்காக வேறு பாடத்தவரை உட்கார வைத்து நேர்காணலை முடிப்பது, பின்னாளில் நீதிமன்றத்தில் நியமனத்தையே கவிழ்த்துவிடும். தகுதியான ஒருவரும் தம் பிழை ஏதும் இல்லாமலே வேலையை இழப்பார்.

இனி, உண்மையில் அதிகாரம் தங்கும் இடத்துக்கு வருகிறேன். அது வாக்கெடுப்பு அன்று. எனக்கு நினைவு தெரிந்து ஆட்சிக்குழுவில் கையை உயர்த்தி எண்ணிய சந்தர்ப்பங்கள் மிகச் சில. அதிகாரம் பொருள் நிரலில், அதாவது கூட்டத்தில் பேசப்போகும் பொருள்களின் பட்டியலில், இருக்கிறது: எது வைக்கப்படுகிறது, எது வைக்கப்படவில்லை, எத்தனையாவது பொருளாக வைக்கப்படுகிறது, இணைப்பில் எந்தத் தாள் சேர்க்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஒரு பொருள் குறிப்பு நான்கு பகுதிகளாக எழுதப்படும். முதலில் முன் நிகழ்ந்தவை, அடுத்து பொருந்தும் சட்டப் பிரிவு, பிறகு செலவு விவரம், கடைசியில் "ஆட்சிக்குழுவின் ஒப்புதலுக்காகப் பணிந்து வைக்கப்படுகிறது" என்ற வரி. அந்தக் கடைசி வரியில் "ஒப்புதலுக்காக" என்று இருக்கிறதா, "தகவலுக்காக" என்று இருக்கிறதா, "பின்னேற்புக்காக" என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பதே புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வரும் ஆசிரிய உறுப்பினர்களுக்கு நான் எப்போதும் சொல்லிவந்தது. அந்த ஒரு சொல்லில் உறுப்பினரின் உரிமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

பின்னேற்பு தேவையான ஒன்றுதான். கூட்டம் கூடும்வரை காத்திருக்க முடியாத நெருக்கடிகள் வரும். தேர்வு நாளன்று வெள்ளம் வந்தால் தேர்வை ஒத்திவைக்கக் குழுவைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. இத்தகைய நிலைமைகளில் துணைவேந்தர் தாமே நடவடிக்கை எடுத்துவிட்டு உரிய குழுவுக்குத் தெரிவிக்கச் சட்டங்கள் இடம் தருகின்றன. ஆனால் அது வெள்ளத்துக்காக வைக்கப்பட்ட கதவு. கணினி வாங்குவது, கட்டடப் பணிக்கு ஒப்பந்தம் அளிப்பது, ஒப்பந்த ஊழியர்களை அமர்த்துவது ஆகியவையும் அதே கதவு வழியாக வரத் தொடங்கும்போது, பணம் செலவாகி முடிந்த பின் குழுவின் முன் தாள் வைக்கப்படுகிறது. அப்போது உறுப்பினர் மறுத்தால் பொருள் வழங்கியவருக்குப் பணம் நிற்கும், வழக்கு வரும், பல்கலைக்கழகத்தின் பெயர் கெடும் என்று சொல்லப்படும். உறுப்பினர் தலையசைப்பார். சில ஆண்டுகள் கழித்து உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை அதே செலவைத் தடைப் பத்தியாக, அதாவது ஏற்க முடியாத செலவு என்று, எழுதும். அதற்குப் பதில் எழுதும் எழுத்தர், அந்த முடிவு எடுக்கப்பட்ட காலத்தில் பணியிலேயே சேராதவராக இருப்பார்.

இதற்கு அடுத்த தீங்கு, கூட்டத்தின் நடுவில் வைக்கப்படும் தாள்கள். டேபிள் ஐட்டம் என்று நாங்கள் அழைப்போம். முதன்மைப் பொருள் நிரல் பத்து நாட்களுக்கு முன் அனுப்பப்பட்டிருக்கும், ஒழுங்காகத் தைத்து, பக்க எண் இட்டு, இணைப்புகளோடு. கூட்டம் தொடங்கிய பிறகு, தேநீர் வரும் நேரத்தில், படியெடுக்கும் இயந்திரத்தின் சூடு ஆறாத ஐந்தாறு தாள்கள் ஒவ்வொருவர் முன்னும் வைக்கப்படும். இருநூறு பக்கங்களைப் பத்து நாட்கள் படித்த உறுப்பினரால், மிக முக்கியமான ஆறு பக்கங்களை அரை மணி நேரத்தில் படிக்க முடியாது. அத்தகைய தாள்களை நானும் உறுப்பினர்கள் முன் வைத்ததுண்டு, மேலிடத்து அறிவுறுத்தலின்படிதான் என்றாலும் என் கையால்தான். "இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்ல உறுப்பினருக்கு முழு உரிமை உண்டு. சொன்னால் கூட்டக் குறிப்பில் அது பதிவாக வேண்டும். மாறுபட்ட கருத்தை எழுத்தில் தந்து குறிப்பில் சேர்க்கக் கேட்பதும் அவரது உரிமையே.

துணைவேந்தர் பணியிடமே நீண்ட காலம் காலியாக இருக்கும்போது இவையெல்லாம் மேலும் இறுகுகின்றன. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலிருந்தும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலிருந்தும், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலிருந்தும் அந்த நாற்காலி காலியானது. துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதிலும், நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதிலும் வேந்தரான ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையே எழுந்த முரண்பாடு நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஆளுநர் நிறுத்திவைத்த மாநிலத்தின் பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்பட்டன, மே மாதத்தில் அவற்றில் துணைவேந்தர் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எந்தத் தரப்பு சரி என்று வாதிட நான் இங்கே வரவில்லை. துணைவேந்தர் இல்லாதபோது அவர் பணியைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் குழு ஒன்று பல்கலைக்கழகத்தை நடத்தும்போது அன்றாட வேலைகள் நடக்கும், ஆனால் நீண்ட காலப் பொறுப்புள்ள எந்த முடிவுக்கும் கையெழுத்திட யாரும் முன்வர மாட்டார்கள் என்பதைப் பிரிவில் இருப்பவர்கள் அறிவார்கள். பேராசிரியர் பதவி உயர்வுக் கோப்புகள் அலமாரியிலேயே பழுப்பேறும்.

மாணவர்களும் பெற்றோரும் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டாம். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, பொது அதிகார அமைப்பு ஒவ்வொன்றும் தன் குழுக்களின் பட்டியலையும், அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, கூட்டக் குறிப்புகளைப் பொதுமக்கள் பார்க்கலாமா என்பதையும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. ஒரு படிப்பில் சேரும் முன், "இந்தப் பட்டத்தின் பெயருக்குக் கல்விப் பேரவை எந்தக் கூட்டத்தில், எந்தப் பொருள் எண்ணில் ஒப்புதல் அளித்தது?" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். 2014-இல் மானியக் குழு வெளியிட்ட பட்டப் பெயர்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள். சேர்ந்த பிறகு குறை இருந்தால், மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி அமைந்த மாணவர் குறைதீர் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். அக்குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தருவது விரும்பத்தக்கது என்று அந்த ஒழுங்குமுறையே கூறுகிறது, அதில் நிறைவு இல்லையெனில் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். வாய்மொழியாக முறையிட்டுவிட்டு வீடு திரும்பாதீர்கள். வாய்மொழிக்குப் பொருள் எண் கிடையாது.

எங்கள் கல்விப் பேரவையில் ஒரு காலத்தில் இயற்பியல் பேராசிரியை ஒருவர் உறுப்பினராக இருந்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருள், முந்தைய கூட்டக் குறிப்பை உறுதிப்படுத்துவது. மற்றவர்கள் அதை ஒரு நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். அந்த அம்மையார் பழைய குறிப்பைப் பென்சிலால் கோடிட்டுக் கொண்டுவந்து, ஒத்திவைத்த ஒவ்வொன்றுக்கும் "இது என்னவாயிற்று?" என்று கேட்பார். அவர் கேட்பார் என்பதற்காகவே நாங்கள் முந்தைய நாள் இரவு எட்டு மணி வரை இருந்து பதில் தயாரிப்போம். அவருடைய பதவிக் காலம் முடிந்த மறு ஆண்டில்தான் அந்தப் பட்டப் பெயர் மாற்றம் ஒத்திவைக்கப்பட்டது.

அந்தத் தந்தையும் மகளும் வந்து போன பிறகு, ஒத்திவைக்கப்பட்ட பொருள்களுக்கென்று தனிப் பதிவேடு ஒன்றைத் தொடங்கினோம். பொருள் எண், ஒத்திவைத்த நாள், காரணம், யார் விவரம் தர வேண்டும், மீண்டும் வைத்த நாள் என்று ஐந்து பத்திகள். ஒவ்வொரு பொருள் நிரலும் அச்சுக்குப் போகும் முன் அந்தப் பதிவேட்டைப் பிரிவுக் கண்காணிப்பாளர் பார்த்துச் சுருக்கொப்பம் இட வேண்டும். நான் பொறுப்பை ஒப்படைத்த நாளில் அதில் பதினான்கு பொருள்கள் முடியாமல் இருந்தன. எல்லாவற்றிலும் பழையது நான்கு ஆண்டுகளுக்கு முந்தையது. அதைப் பச்சை மையால் வட்டமிட்டு அடுத்தவரிடம் கொடுத்தேன்.