தமிழில் பெயரிட்ட கோப்புகள் பேக்கப்பில் இருக்கின்றனவா?

கணக்கு அலுவலகம் ஒன்றின் பழைய பேக்கப் மென்பொருளைச் சோதித்தபோது, ஆங்கிலப் பெயர் கொண்ட கோப்புகள் எல்லாம் வெளி டிஸ்க்கில் இருக்க, தமிழில் பெயரிட்டவற்றில் ஒன்றுகூட நகலாகவில்லை என்பது தெரியவந்தது. மென்பொருளோ, வேலை வெற்றிகரமாக முடிந்ததாகவே தினமும் அறிவித்துவந்தது.

கோளாறு டிஸ்க்கில் இல்லை. மென்பொருள் விண்டோஸை அழைக்கும் முறையில் இருந்தது. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டி முதலே, எழுத்துகளைக் கையாளும் வின்32 ஏபிஐக்கள் (மென்பொருள் விண்டோஸிடம் வேலை கேட்க அழைக்கும் செயற்கூறுகள்) பெரும்பாலும் இரட்டையாக உள்ளன: பெயர் 'ஏ' என முடிவது பழைய கோட் பேஜ் (குறிப்பிட்ட சில மொழிகளின் எழுத்துகளுக்கு மட்டுமான குறியீட்டுப் பட்டியல்) வழி, 'டபிள்யூ' என முடிவது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு வழி. இந்த 'ஏ' வழிக்குப் பயன்படும் கோட் பேஜ் தமிழுக்கென விண்டோஸில் கிடையாது; விண்டோஸ் 2000இல் தமிழ் வந்ததே யூனிகோடு மூலமாகத்தான். ஆகவே 'கணக்கு' என்ற பெயர் பழைய வழியில் சென்றால், கண்ணுக்கு நான்கு எழுத்தாகத் தெரிந்தாலும், புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ஆறு கேள்விக்குறிகளாகத் திரும்பி வருகிறது. கேள்விக்குறி கோப்புப் பெயரில் இடம்பெற முடியாத குறி; எனவே அந்தக் கோப்பைத் திறக்க முடிவதில்லை. அதைவிட ஆபத்தானது, அந்தப் பெயர் அப்படியே, கோப்புகளை அழிக்கும் டெல் கட்டளைக்குப் போவதுதான். அங்கே கேள்விக்குறிக்கு 'எந்த எழுத்தாகவும் இருக்கலாம்' என்று பொருள், அதனால் தொடர்பில்லாத கோப்புகள் அழியக்கூடும்.

பழைய வழியை மைக்ரோசாஃப்ட் மூடாததைக் குறை சொல்ல மாட்டேன். மூடியிருந்தால் 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6இல் எழுதிய பில்லிங் மென்பொருள்கள் இன்று ஓடா. ஆனால் புதிதாக எழுதுவோர் 'டபிள்யூ' வழியையே எடுக்க வேண்டும். பழைய நிரலை வைத்திருப்போர், விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல், மேனிஃபெஸ்டில் (மென்பொருளின் அமைப்புகளை விண்டோஸுக்குச் சொல்லும் கோப்பு) யுடிஎஃப்-8 (யூனிகோடை பைட்களாக எழுதும் முறை) என்று குறிப்பிட்டு 'ஏ' வழியிலேயே தமிழைக் கையாளலாம். எனினும் யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், நிரலில் கோப்பின் பாதைக்கென (ஃபோல்டர்களோடு சேர்ந்த முழுப் பெயர்) ஒதுக்கிய 260 பைட் இடம் 86 குறியீடுகளிலேயே நிறைந்துவிடும்.

நிரல் கையில் இல்லாதவர்கள், தமிழ்ப் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி, பேக்கப் எடுத்து, அதை மீட்டுத் திறந்து பாருங்கள். கணினி முழுவதற்கும் யுடிஎஃப்-8ஐ இயக்கும் 'பீட்டா' தேர்வு விண்டோஸ் அமைப்புகளில் உண்டு. ஆனால் டிஸ்கி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எட்டு பிட் தமிழ்க் குறியாக்கத்தில் தரவு வைத்திருக்கும் மென்பொருள் அதே கணினியில் இருந்தால், அதன் எழுத்துகள் சிதையக்கூடும் என்பதால் அந்தத் தேர்வைத் தொடாதீர்கள்.