விறகு பிளக்கும் கோடாலி: கூர்மையைவிட முக்கியமானது எது?

கோடாலி வாங்கப் போகிறவர்களில் பலர் கடையில் முதலில் செய்வது, கட்டைவிரலால் அதன் வாயைத் தடவிப் பார்ப்பதுதான். கூராக இருந்தால் நல்ல கோடாலி என்று காசைக் கொடுத்துவிடுகிறார்கள். நிற்கிற மரத்தை வெட்டுவதற்கு அது சரி. விறகு பிளப்பதற்கோ அந்தக் கூர்மை அடியின் முதல் கணத்தில் மட்டுமே தேவைப்படுகிறது. அதன் பிறகு வேலை முழுவதையும் செய்வது கோடாலியின் பக்கங்கள். மெல்லிய கோடாலியை வாங்கிவிட்டு, கட்டையில் மாட்டிக்கொண்டதை ஆட்டி ஆட்டி உருவுவதிலேயே தெம்பை இழப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

மரத்தின் உள்ளே பெரும்பாலான செல்கள் நீளமான நுண்குழல்களாக, தண்டின் போக்கிலேயே நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. குழலின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் ஓடுகின்றன. ஒரு குழலை அடுத்த குழலோடு ஒட்டவைப்பது பெரும்பாலும் லிக்னின். இழைகளை நீளவாக்கில் இழுத்து அறுப்பது மிகக் கடினம். பக்கவாட்டில் இழுத்துப் பிரிப்பதற்கோ அந்த விசையில் 15-இல், 20-இல் ஒரு பங்கு போதும். பல மரங்களில் அதைவிடக் குறைவாகவே போதும். ஜவுளிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சிறிதாக வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கையாலேயே சர்ரென்று கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். விறகிலும் நடப்பது அதுதான். கோடாலியின் வாய் ஒரு சிறு பிளவைத் தொடங்கிவைக்கிறது. பருத்த பக்கங்கள் இரு பாதிகளையும் விலக்குகின்றன. பிளவு வாய்க்கு முன்னால் தானாக ஓடுகிறது. நல்ல கட்டையில் கோடாலி பாதி ஆழம் இறங்குவதற்குள் அடிவரை வாய் திறந்துவிடும்.

ஆகவே விறகுக் கோடாலியை மேலிருந்து பார்க்க வேண்டும். வாய்க்கு அருகே ஓரளவு மெல்லியதாகத் தொடங்கி, இரண்டு விரற்கடை தள்ளிச் சட்டெனப் பருக்கிறதா என்று பாருங்கள். அது ஓர் ஆப்பு. ஆப்பின் கோணத்துக்கும் உராய்வுக்கும் நெருங்கிய கணக்கு உண்டு. எஃகுக்கும் மரத்துக்கும் இடையிலான உராய்வுக் கெழுவை 0.3 என்று வைத்துக்கொண்டால், மொத்தக் கோணம் சுமார் 33 பாகைக்குக் குறைவாக உள்ள ஆப்பை மரம் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதைவிட விரிந்தால் வெளியே தள்ளிவிடும். மரம் வெட்டும் கோடாலி இதைவிட மிகவும் ஒல்லியானது. அதனால்தான் பிளவு அடிவரை ஓடாத கட்டையில் அது புதைந்து நிற்கிறது. அதற்காக முழுக்க முழுக்கத் தடித்ததை வாங்கினால், காய்ந்த வைரக் கட்டையில் பதியாமல் எகிறும். மெல்லிய தொடக்கம், உடனே விரியும் பக்கங்கள், இந்த இரண்டும் சேர்ந்ததுதான் வேண்டியது.

எடையில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. கனமான கோடாலிதான் நன்றாகப் பிளக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இயக்க ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. 3 கிலோ தலையை ஒருவரால் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் இறக்க முடிகிறது என்று கொள்வோம். ஆற்றல் 96 ஜூல். அவரே 1.5 கிலோ தலையை 12 மீட்டர் வேகத்தில் வீசினால் 108 ஜூல். பாதி எடை, கூடுதல் ஆற்றல். உந்தம் மட்டும் பார்த்தால் கனமானதற்கே சாதகம். முறுக்குநார் நிறைந்த பெரிய முண்டுகளுக்கு அது உதவும். ஆனால் பத்துப் பதினைந்து அடிக்குப் பிறகு கை சோர்ந்து வேகம் குறையும்போது அந்தச் சாதகமும் கரைந்துவிடும். சாதாரண உடல்வாகுள்ள ஒருவருக்கு 1.5 முதல் 2 கிலோ தலையும், 75 முதல் 90 செ.மீ. காம்பும் போதும் என்பேன். காம்பு குட்டையாக இருக்கக் கூடாது. நீளமான காம்பில் குறி தவறினால் கோடாலி பெரும்பாலும் முன்னால் தரையில் விழும். குட்டைக் காம்பில் அதே அடி முழங்காலுக்குக் கீழே, உங்கள் காலை நோக்கி வந்து முடியும்.

இரும்பைப் பற்றிக் கொல்லுப் பட்டறையில் நின்று தெரிந்துகொள்வது நல்லது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டைகளைக் கொல்லர்கள் விரும்பி எடுப்பதற்குக் காரணம் அதில் உள்ள கார்பன், சுமார் 0.6 சதவீதம். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் வாய் கண்ணாடிபோல் கடினமாகிவிடும். கணுவில் ஒரு அடி பட்டால் சில்லாகத் தெறிக்கும். ஆகவே வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி மெல்லச் சூடேற்றுகிறார்கள். அப்போது மேற்பரப்பில் ஆக்சைடு படலம் உருவாகி, வெளிர்மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஊர்ந்து வரும். வெளிர்மஞ்சள் சுமார் 220 பாகை செல்சியஸ். நீலம் சுமார் 300. படலத்தின் தடிமன்தான் நிறமாகத் தெரிகிறது. ஊதா வாயைத் தொடும் தருணத்தில் குளிர்வித்தால் கடினமும் வலுவும் சேர்ந்து அமையும். வெப்பமானி இல்லாமல் கண்ணாலேயே பத்து இருபது பாகைக்குள் கணிக்கும் இந்தத் திறமைக்கு உரிய மதிப்பை நாம் கொடுப்பதில்லை.

கடையில் சோதிக்க ஒரு சிறு அரம் போதும். வாயின் ஓரத்தில் லேசாக ஒரு இழுப்பு இழுங்கள். அரம் வழுக்கிக்கொண்டே போனால் இரும்பு மிகக் கடினம், உடையும். வெண்ணெயாகச் சீவினால் மிக மென்மை, நான்கு கட்டைக்குள் மழுங்கும். சற்று முரண்டுபிடித்துக் கடித்தால் வாங்கலாம். காம்புத் துளையைச் சுற்றியுள்ள பகுதி மட்டும் மென்மையாகவே இருக்க வேண்டும். அதிர்ச்சியைத் தாங்குவது அந்த இடம்.

காம்புக்கு நம் ஊரில் கருவேலமும் வெக்காலியும் நல்லவை. நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாமல் ஓட வேண்டும். பக்கவாட்டில் வெளியேறும் நார் உள்ள இடத்தில்தான் காம்பு ஒடியும். வெயில் காலத்தில் காம்பு சுருங்கித் தலை ஆடும்போது, பலர் கோடாலியைத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். அன்றைக்கு இறுகும். ஆனால் ஊறிப் பருத்த மரம் இரும்பின் சுவரில் மோதி, தன் நார்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்ததும் முன்னைவிட இளகிவிடும். புதிய ஆப்பு அடிப்பதே சரியான வழி.

எவ்வளவு நல்ல கோடாலியானாலும் கட்டையைப் படித்துவிட்டு அடிக்க வேண்டும். மரம் காயும்போது வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்புகள் ஓடுகின்றன. அந்த வெடிப்பின் மேலேயே அடியுங்கள், கணுவை விட்டு விலகி, உங்களுக்கு அருகில் உள்ள ஓரத்தில். சவுக்கு எளிதாக விட்டுக்கொடுக்கும். புளியில் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் பொறுமையைச் சோதிக்கும். தைல மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுவது நல்லது. காய்ந்தபின் அது வேறு மரமாகிவிடும்.

அடுப்பு பற்றவைக்கும் சிராய்களுக்குத் தனியாக ஒரு கைக்கோடாலி வைத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. சதுரக் கட்டையை 1 செ.மீ. குச்சிகளாக்கினால் பக்கப் பரப்பு பத்து மடங்காகிறது. ஈரம் வெளியேறவும் தீ பிடிக்கவும் அந்தப் பரப்புதான் வேண்டும். அரைக் கிலோவைச் சற்றே தாண்டும் தலையும், ஒரு முழத்துக்கும் குறைவான காம்பும் போதும். வாய் மட்டும் இங்கே உண்மையிலேயே கூராக இருக்கட்டும், ஏனென்றால் அடியில் வேகம் இல்லை. குச்சியை ஒரு கையால் நிறுத்தி மறு கையால் ஓங்கி வெட்டுவது விரலுக்கு ஆபத்து. குச்சியின் மேல்முனையில் கோடாலி வாயை நாரின் போக்கில் பதித்து, இரண்டையும் ஒன்றாகவே தூக்கி, அடிக்கட்டையின் மேல் தட்டுங்கள். வாய் உள்ளே இறங்கியதும் மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் குச்சி இரண்டாகப் பிரிந்துவிடும்.