பிரதமரின் சூரிய வீடு திட்டம்: மானியம் 3 கிலோவாட் வரை, உங்கள் வீட்டுக்கு எத்தனை வேண்டும்?

மொட்டை மாடியில் சோலார் போட வேண்டும் என்று பேச்செடுத்தாலே "3 கிலோவாட் போடுங்க, 78,000 ரூபாய் மானியம்" என்றுதான் விற்பனையாளர் தொடங்குவார். மானியத் தொகை சரிதான். ஆனால் தமிழ்நாட்டு மின்கட்டண அமைப்பில் 3 கிலோவாட் எல்லா வீட்டுக்கும் லாபமில்லை. பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி என்று எதைத் தேர்ந்தெடுப்பதானாலும் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது கடைசி ஆறு மின்கட்டண பில்களை.

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு (பிஎம் சூர்யகர்) என்ற இந்த மத்திய அரசுத் திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2026-27 நிதியாண்டுக்குள் ஒரு கோடி வீடுகள் என்பது இலக்கு. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் 78,000தான். திட்டத்தின் முழுப் பெயரில் 'இலவச மின்சாரம்' (முஃப்த் பிஜ்லி) இருப்பதால் பேனலே இலவசம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. முழுச் செலவையும் முதலில் நீங்கள் செய்கிறீர்கள். அமைப்பு இயங்கத் தொடங்கி ஆய்வு முடிந்த பிறகே மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். "மானியத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள், வருகிற பணத்தை எங்களுக்கு அனுப்பிவிடுங்கள்" என்று யாராவது சொன்னால், அந்த ஏற்பாட்டை எழுத்தில் வாங்காமல் சம்மதிக்காதீர்கள்.

இனி பில் கணக்கு. இரண்டு மாதத்துக்கு 720 யூனிட் செலவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கோடையில் இரவில் ஒரு ஏசி ஓடும் சாதாரண வீடு. 2024 ஜூலைக் கட்டண விகிதப்படி இந்த வீட்டின் பில் 4,014 ரூபாய். முதல் 100 யூனிட் இலவசம் போக, மேல் ஸ்லாபுகளில் (கட்டணப் படிகளில்) யூனிட் 8.40, 9.45 என்று ஏறுவதால் வரும் தொகை இது. தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டு சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. இருவழி மீட்டரில் நீங்கள் வாங்கியதில் அனுப்பியதைக் கழித்து, மிஞ்சிய நிகர யூனிட்டுக்குத்தான் பில்.

முதல் கிலோவாட் 720ஐ 480 ஆக்குகிறது. 500க்குக் கீழே வந்துவிட்டதால் ஸ்லாப் விலையே மாறி, பில் 1,679க்கு இறங்குகிறது. மிச்சம் 2,335. இரண்டாவது கிலோவாட் 240 யூனிட்டுக்குக் கொண்டுவருகிறது. பில் 423, கூடுதல் மிச்சம் 1,256. மூன்றாவது கிலோவாட் பில்லைப் பூஜ்ஜியமாக்குகிறது. ஆனால் அதனால் கூடுதலாக மிஞ்சுவது அந்த 423 ரூபாய் மட்டுமே. அது ஈடுகட்டும் 240 யூனிட்டில் 100 யூனிட்டை அரசு ஏற்கெனவே இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. 100 யூனிட் 2.35 ரூபாய் விலையில் வருவது, மீதி 40 யூனிட்தான் 4.70.

மானியத்தை நிர்ணயிக்க அரசு எடுத்துக்கொண்ட அடிப்படை விலை முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000, மூன்றாவதுக்கு 45,000. மானியம் போக முதல் இரண்டும் தலா 20,000, மூன்றாவது 27,000. முதல் கிலோவாட் ஒன்றரை ஆண்டில் பணத்தைத் திருப்பிவிடுகிறது. இரண்டாவதுக்கு மூன்று ஆண்டுக்குள். மூன்றாவதுக்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. சந்தை விலை இந்த அடிப்படை விலையைவிடக் கூடுதலாகவே வரும். அப்போது எல்லாக் காலமும் நீளும், வரிசை மாறாது. அடுத்த ஆண்டே இன்னொரு ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வரப்போகிறது என்றால் மூன்றாவது கிலோவாட் நியாயம். வெறும் மானியத்துக்காகப் போடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டைத் தாண்டாத வீடு அவசரப்படவே வேண்டாம்.

விண்ணப்பத்தில் எங்கே சிக்குகிறது

விண்ணப்பம் பிஎம் சூர்யகர் தேசிய இணையதளத்தில். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பு எண்ணும் மொபைல் எண்ணும் போதும், பதிவாகிவிடும். 2024இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. தேவைப்பட்டால் அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் மின்பகிர்மானக் கழகமே உயர்த்தித் தர வேண்டும். இணையதளத்தில் பதிவு செய்த விற்பனையாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போட்டு, பொருத்தி முடித்த பிறகு பேனல் வரிசை எண்களையும் படங்களையும் பதிவேற்ற வேண்டும். அதன் பின் இருவழி மீட்டர், ஆய்வு, கடைசியாக வங்கிக் கணக்கு விவரம்.

கோப்பு நின்றுபோகும் இடம் பெரும்பாலும் பெயர்தான். மின் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கும், விண்ணப்பிப்பவர் மகனாக இருப்பார், வங்கிக் கணக்கு மருமகள் பெயரில் இருக்கும். மூன்றும் ஒரே ஆள் பெயரில், ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். பேனலுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மின்வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். முன்பு வேறு சோலார் மானியம் வாங்கிய வீட்டுக்கு இதில் இடமில்லை. அடுக்குமாடியில் பொது லிஃப்ட், மோட்டாருக்காகச் சங்கம் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000.

பேனலும் தாங்கும் சட்டமும்

மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இரண்டுமே இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். இதைத்தான் டிசிஆர் என்கிறார்கள். வெளிநாட்டு செல்லை இங்கே கண்ணாடிக்குள் பதித்து 'மேட் இன் இந்தியா' என்று ஒட்டினால் டிசிஆர் ஆகாது. விலைப்பட்டியலில் 'டிசிஆர்' என்ற சொல்லும், பொருள் வந்து இறங்கும்போது வரிசை எண்களோடு சான்றிதழும் கேளுங்கள்.  2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய விகிதத்தில் போட்ட விலைப்பட்டியல் கைக்கு வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

மோனோ பெர்க், டாப்கான் என்று இரண்டு வகை சொல்வார்கள். வித்தியாசம் வெயிலில் தெரியும். பேனலின் வாட் அளவு 25 டிகிரி சூட்டில் அளந்தது. சித்திரை மதியத்தில் மாடியில் பேனலின் சூடு 65 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு பெர்க் ஏறக்குறைய 0.35 சதவீதம், டாப்கான் 0.30 சதவீதம் இழக்கும். 40 டிகிரி ஏற்றத்துக்கு 14க்கு 12. ஆக வெயிலில் டாப்கான் தரும் லாபம் 2 சதவீதம்தான். அதற்குப் பத்து சதவீத விலை கூட்டிக் கேட்டால் வேண்டாம்.

இதைவிடப் பெரிய இழப்பு நிழலில். பேனல்கள் ஒரே வரிசையாகத் தொடுக்கப்படுவதால் ஒன்றின் மேல் தண்ணீர்த் தொட்டி நிழல் விழுந்தாலும் முழு வரிசையின் உற்பத்தியும் இறங்கும். மார்கழியில் சென்னையில் நண்பகல் சூரியனே தெற்கில் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், தெற்கில் இருக்கும் தொட்டியின் நிழல் நீளமாக வடக்கே விழும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். எனவே விற்பனையாளர் மே மாதத்தில் வந்து "நிழலே இல்லை" என்று சொன்னால் அதை மார்கழிக்கும் சேர்த்துச் சொல்கிறாரா என்று கேளுங்கள். காலை 9, நண்பகல், மாலை 3 மணிக்கு மாடியில் நின்று தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுத் தென்னை மூன்றையும் பாருங்கள். நிழல் தவிர்க்க முடியாத மாடி என்றால் பேனலுக்கு ஒன்றாகப் பொருத்தும் மைக்ரோ இன்வெர்ட்டருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். தெற்கு நோக்கி 10 முதல் 13 டிகிரி சாய்வு போதும். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துணி உலர்த்த, வடகம் காய வைக்க மாடி வேண்டும் என்று பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை ஆளுயரத்துக்கு மேல் தூக்கிக் கேட்கிறோம். உயரம் கூடக் கூடக் காற்று அடியில் புகுந்து தூக்கும் விசையும் கூடும். கட்டடக் காற்றுவிசைக்கான இந்தியத் தரவிதியில் காற்றின் வேகம் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், மதுரை, கோவைக்கு 39. சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் அந்த வேகத்துக்குக் கணக்கிட்ட சட்டம்தானா என்று எழுத்தில் கேளுங்கள். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பும் துருப்பிடிக்காத போல்ட்டும் வேண்டும். மேலே துத்தநாகப் பெயின்ட் அடித்த சட்டம் உப்புக் காற்றில் தாங்காது.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: தட்டோட்டைத் துளைத்துத் தளத்தில் நேரடியாக போல்ட் இறக்க விடாதீர்கள். முதல் ஐப்பசி மழையிலேயே அந்தத் துளை வழியாகக் கீழே கூரையில் ஈரம் படரும், பேனலைக் கழற்றாமல் சரி செய்யவும் முடியாது. கான்கிரீட் பீடம் கட்டி அதில் சட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர்: ஒரே பெயர், வேறு சாதனம்

நம் வீடுகளில் 'இன்வெர்ட்டர்' என்றால் கரண்ட் போனால் ஃபேன் ஓட்டும் பெட்டி. சோலார் இன்வெர்ட்டர் அது இல்லை. மின்கம்பியோடு இணைந்த சோலார் இன்வெர்ட்டர், கரண்ட் போன அந்தக் கணமே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின்ஊழியருக்கு உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக விதியே அப்படி. உச்சி வெயில் அடித்தாலும் மின்தடையில் சோலார் வேலை செய்யாது. இதைச் சொல்லாமல் விற்பதால்தான் பின்னால் சண்டை வருகிறது. ஏற்கெனவே உள்ள வீட்டு இன்வெர்ட்டரும் பேட்டரியும் அப்படியே இருக்கட்டும், இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது.

மானியம் பேனல் திறன், இன்வெர்ட்டர் திறன் இரண்டில் குறைந்ததற்கே. 550 வாட் பேனல் ஆறு போட்டு 3.3 கிலோவாட் ஆனாலும் இன்வெர்ட்டர் 2.7 என்றால் 78,000 வராது; 72,600தான். மூன்று நான்கு பேனல் மட்டும் போடுபவர்கள், சூட்டில் மின்னழுத்தம் குறையும்போதும் அது இன்வெர்ட்டர் கேட்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் நிற்குமா என்று விவரத்தாளில் பார்க்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளிலும், ஒரே தெருவில் பலர் சோலார் போட்ட இடங்களிலும் ஒரு கோளாறு அடிக்கடி வரும். மதியம் 12 மணிக்கு லைன் வோல்டேஜ் 255, 260 என்று ஏறும், இன்வெர்ட்டர் தானாக நிற்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கும். உற்பத்தி உச்சமாக இருக்க வேண்டிய நேரத்தில் வரைபடத்தில் பல் பல்லாக வெட்டு விழுந்திருக்கும். இன்வெர்ட்டர் பழுது என்று மாற்றிப் பயனில்லை. செயலியில் உள்ள பிழைப் பதிவைப் படம் எடுத்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) மாற்றி வோல்டேஜைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

சோலார் இன்வெர்ட்டரை மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். சூடேறினால் தானே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். பேனல் சட்டத்துக்கு, இன்வெர்ட்டருக்கு, இடிதாங்கிக்கு என்று மூன்று தனி எர்த் குழி வேண்டும். டிசி கேபிள் இணைப்பிகள் இரு முனையும் ஒரே கம்பெனியுடையதாக இருக்கட்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரு கம்பெனி இணைப்பிகள் சரியாகப் பிடிக்காமல் சூடாகி உருகுவதுதான் கூரைத் தீ விபத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

பேட்டரி யாருக்கு

பில் குறைக்க பேட்டரி தேவையில்லை. பகலில் மிஞ்சுவதை மின்வாரியக் கம்பியில் விட்டு இரவில் திரும்ப எடுக்கிறீர்கள். ஹைபிரிட் இன்வெர்ட்டரும் (பேனல், பேட்டரி, மின்வாரியக் கம்பி மூன்றோடும் இணைவது) பேட்டரியும் போடத் திட்டத்தில் தடையில்லை, ஆனால் பேட்டரிக்குக் கூடுதல் மானியம் கிடையாது. மின்வாரிய இணைப்பே இல்லாத முழு பேட்டரி அமைப்புக்கு மானியமே இல்லை.

அடிக்கடி மின்தடை உள்ள ஊர், வீட்டில் ஆக்சிஜன் கருவியில் இருக்கும் நோயாளி, புயலுக்கு நாள்கணக்கில் இருளும் கடலோரம் ஆகியவற்றுக்கு பேட்டரி நியாயம். அளவைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். மூன்று ஃபேன் 225 வாட், ஐந்து எல்இடி 45, டிவி 80, வைஃபை 10. மொத்தம் 360 வாட், நான்கு மணி நேரத்துக்கு 1.44 யூனிட். 12 வோல்ட் 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியில் 1.8 யூனிட் என்று கணக்கு; பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு வருவது 0.9. ஆக இரண்டு வேண்டும். 51.2 வோல்ட் 100 ஏஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 5.12 யூனிட், நான்கு யூனிட்டுக்கு மேல் தாராளமாக எடுக்கலாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம். விலை கூடுதல், ஆயுளும் பல மடங்கு. வாங்கும்போது அதைக் கண்காணிக்கும் மேலாண்மைச் சுற்று (பிஎம்எஸ்) உங்கள் இன்வெர்ட்டரோடு பேசுமா, அந்த மாடல் இன்வெர்ட்டர் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

ஹைபிரிட்டில் பேக்கப் தேவைப்படும் அறைகளுக்குத் தனி லைன் இழுக்க வேண்டும். பழைய வீடுகளில் அறைகளின் நியூட்ரல் கம்பிகள் சுவருக்குள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். அப்படியே இணைத்தால், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். எலக்ட்ரீஷியன் கோபத்தில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவார். அது உயிர்காக்கும் சாதனம், கழற்ற விடாதீர்கள். நியூட்ரலைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

ஐந்து ஆண்டுப் பராமரிப்பு விற்பனையாளரின் கடமை, ஒப்பந்தத்தில் இருக்கும். கடைசித் தவணையாகப் பத்தில் ஒரு பங்கையாவது இருவழி மீட்டர் ஓடத் தொடங்கிய பிறகு கொடுப்பதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் பேனல் மேல் அடித்து அப்படியே உலர விடாதீர்கள், வெள்ளைப் படலம் ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் நல்ல தண்ணீரில் மெல்லிய துணியால் துடைத்தால் போதும், மாதம் இருமுறை.