ஆர்ம் சர்வரில் விபிஎஸ்: சிப் மாறினால் எதெல்லாம் மாறும்?

விபிஎஸ், அதாவது ஒரு பெரிய சர்வரைப் பிரித்து வாடகைக்கு விடும் மெய்நிகர் சர்வர், எடுக்கப் போனால் இப்போது பல இடங்களில் சிப் வகையைப் பொறுத்து இரண்டு வரிசை இருக்கிறது. ஒன்று நாம் பழகிய எக்ஸ்86, அதாவது இன்டெல் அல்லது ஏஎம்டி, இன்னொன்று ஆர்ம். இரண்டிலும் 2 விசிபியு (நமக்கு ஒதுக்கும் ப்ராசசர் பங்கு), 4 ஜிபி ராம் என்றே போட்டிருக்கும். ஆனால் அந்த 2 விசிபியுவுக்கு இரண்டு பக்கமும் ஒரே அர்த்தம் கிடையாது. விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

எக்ஸ்86 சர்வர்களில் பெரும்பாலும் ஒரு கோர் (சிப்புக்குள் கட்டளைகளை ஓட்டும் ஒரு முழு அலகு) ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்களை, அதாவது இரண்டு வேலை இழைகளை, ஓட்டும். விசிபியு என்று விற்பது அந்த இரண்டில் ஒன்றைத்தான். இன்னொரு த்ரெட்டும் மும்முரமாகிவிட்டால் கணக்குப் போடும் பகுதிகளையும், கேஷ் என்ற உள் வேக நினைவகத்தையும் இருவரும் பங்கு போட வேண்டியதுதான், வேகம் அங்கே இறங்கும். அமேசானின் 64 கோர் கிராவிட்டான்2, ஆம்பியரின் 80 கோர் ஆல்ட்ரா போன்ற ஆர்ம் சிப்களில் இந்த இரட்டை த்ரெட்டே இல்லை, அதனால் ஒரு விசிபியு என்றால் ஒரு முழுக் கோர். ஷேர்டு பிளானில் அந்தக் கோரின் நேரத்தையே பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம், அது வேறு விஷயம். ஆனால் டெடிகேட்டட் பிளான் என்றால் லோடு ஏற ஏற இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இத்தனை கோர்களை ஒரே சிப்பில் எப்படி அடைக்கிறார்கள்? எக்ஸ்86 கட்டளை ஒன்று 1 பைட்டிலிருந்து 15 பைட் வரை எந்த நீளத்திலும் இருக்கலாம். முந்தையது எங்கே முடிகிறது என்று தெரியாமல் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது, ஒரே சமயத்தில் பலவற்றைப் பிரித்துப் படிக்க அதற்கென்று நிறைய சர்க்யூட் வேண்டும். 64 பிட் ஆர்மில் எல்லாக் கட்டளையும் 4 பைட், வெட்டி எடுத்தால் போதும். இதை மட்டுமே காரணமாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உச்ச வேகத்தைத் துரத்தாமல், மிதமான வேகத்தில் குறைந்த மின்சாரத்தில் ஓடும்படி கோரை வடிவமைத்ததுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஒரு சர்வரைப் பல விபிஎஸ்களாகப் பிரிக்கும் வேலையில் எக்ஸ்86 பட்ட பாடு கொஞ்சமில்லை. கெஸ்ட் கெர்னலின், அதாவது விபிஎஸ்ஸுக்குள் ஓடும் ஓஎஸ்ஸின் மையப் பகுதியின், அதிகாரத்தைக் குறைத்து ஓட்டினால், அது எல்லை மீறும் ஒவ்வொரு கட்டளையிலும் சிப் அதைத் தடுத்து, சர்வரைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய எக்ஸ்86-இல் பாப்எஃப் என்ற கட்டளை அப்படிச் செய்யாது. இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சமிக்ஞை) அனுமதியை மாற்றச் சொன்னால் மாற்றாமல், எந்தப் பிழையும் காட்டாமல் கடந்து போய்விடும். விஎம்வேர் 1999-இல் இந்த மாதிரிக் கட்டளைகளை ஓடும்போதே திருத்தி எழுதி சமாளித்தது. 2005-இல் இன்டெலும் அடுத்த ஆண்டு ஏஎம்டியும் சிப்பிலேயே வழி செய்தார்கள். 64 பிட் ஆர்மில் புரோகிராம், கெர்னல், ஹைப்பர்வைசர் மூன்றுக்கும் தனித்தனி அதிகார நிலையே உண்டு. லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் இரண்டிலும் ஓடுவதால் உள்ளே இருக்கும் நமக்கு இது எதுவும் தெரியாது.

நமக்குத் தெரியவருவது நம் புரோகிராம்களில். லினக்ஸ் ஒரு பைனரியை (பில்ட் செய்து முடித்த புரோகிராம் ஃபைலை) ஓட்டும் முன் அதன் தலைப்பகுதியில் உள்ள ஓர் எண்ணைப் பார்க்கும்: 64 பிட் எக்ஸ்86-க்கு 62, 64 பிட் ஆர்முக்கு 183. பொருந்தவில்லை என்றால் எக்ஸெக் ஃபார்மட் எரர். டாக்கர் இமேஜை (புரோகிராமையும் அதற்குத் தேவையானதையும் சேர்த்துக் கட்டிய பொதியை) எக்ஸ்86 லேப்டாப்பில் பில்ட் செய்து அப்படியே தூக்கிப் போடுபவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். இரண்டு சிப்புக்கும் சேர்த்து பில்ட் செய்துவிட்டால் தீர்ந்தது. எஞ்சின்எக்ஸ், போஸ்ட்கிரெஸ், பைத்தான், நோட் எல்லாம் ஆர்முக்கென்றே தயாராகக் கிடைக்கின்றன.

எரர் காட்டாமல் தப்பாக ஓடுவதுதான் ஆபத்து. சி மொழியின் சார் வகை எக்ஸ்86 லினக்ஸில் -128 முதல் 127 வரை, ஆர்ம் லினக்ஸில் 0 முதல் 255 வரை. ஃபைல் முடிந்தது என்பதற்கான -1-ஐ சாரில் வாங்கி வைத்தால் ஆர்மில் அது 255 ஆகிவிடும், -1-ஓடு என்றைக்கும் பொருந்தாது, லூப் நிற்கவே நிற்காது. இன்னொன்று நினைவக வரிசை. ஒரு த்ரெட் முதலில் டேட்டாவை எழுதி, அப்புறம் 'தயார்' என்ற கொடியை ஏற்றுகிறது. எக்ஸ்86-இல் மற்ற கோர்களுக்கும் அதே வரிசையில்தான் தெரியும். ஆர்மில் கொடி முன்னால் தெரிந்து, டேட்டா பழையதாகவே இருக்கலாம்; தடுக்க வேண்டுமென்றால் கோடில் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். முறையாக லாக் போட்டு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே தொடும்படி பூட்டி, எழுதியவர்களுக்குக் கவலையில்லை. லாக் இல்லாமல் சாமர்த்தியம் காட்டிய கோடு எக்ஸ்86-இல் வருடக்கணக்கில் ஓடியிருந்தாலும் இங்கே எப்போதாவது ஒருமுறை உடையும், அதைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

ஸ்னாப்ஷாட்டும், அதாவது சர்வர் டிஸ்க்கை அப்படியே எடுத்த நகலும், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகாது. புது சர்வரில் ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட்டு, டேட்டாபேஸை டம்ப் எடுத்துக் கொண்டுபோவதுதான் சரி. சோர்ஸ் கோடு கைவசம் இல்லாத, எக்ஸ்86-க்கு மட்டும் கிடைக்கும் மென்பொருள் ஒன்றை நம்பியிருந்தால் மாற வேண்டாம். எக்ஸ்86-ஐப் போல மென்பொருளால் நடிக்க வைக்கும் எமுலேஷனில் ஓட்டலாம்தான், ஆனால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

அடுத்து வரும் சிப் வகை ரிஸ்க்-ஃபைவ். 2010-இல் பெர்க்லியில் தொடங்கியது, அதன் கட்டளைத் தொகுப்பை யாரும் உரிமத் தொகை இல்லாமல் பயன்படுத்தலாம். ஸ்கேல்வே 2024-இல் வாடகைக்கு விட்டபோது விபிஎஸ்ஸாகப் பிரிக்காமல் முழு போர்டாகவே கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் உறுதியான, ரிஸ்க்-ஃபைவ் சிப்களில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஆர்விஏ23 வரையறை, ஹைப்பர்வைசர் வசதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதற்கு இணங்கும் சர்வர் சிப்கள் பரவலாக வந்தால் ரிஸ்க்-ஃபைவிலும் போர்டைப் பிரித்து விபிஎஸ்ஸாகவே விற்கலாம்.